அடுத்த ஊரில் கேட்கும் பாட்டு

குணேஸ்வரி மைக்கைக் கையில் எடுத்துப் பாடினால் அந்தப் பாட்டு அந்த ஊரில் கேட்காது. அடுத்த கச்சேரி எந்த ஊரிலோ அந்த ஊர் மைதானத்தில்தான், அதே நேரத்தில் கேட்கும். இது தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆனி மாதம், நாடு முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில். அவள் பாடுகிற லிங்கநகர் ‘கொட்டியார நாதம்’ இசைக்குழுவின் வான் கிண்ணியாவில் மூன்று நாளாக வரிசையில் நின்றது. மூதூரில் கதிரைகள் போட்டாயிற்று, சனமும் வந்து இருந்துவிட்டது. பொழுது போகாமல் குணேஸ்வரி வானின் படியில் இருந்து மைக்கைப் பிடித்து ஒத்திகை பார்த்தாள். பக்கத்தில் டீசல் கலனோடு நின்றவர்களுக்கு அவளுடைய உதடு அசைந்தது தெரிந்ததே தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூதூரிலோ, ஆளில்லாத மேடையிலிருந்து பதினொரு பாட்டும் தெளிவாக வந்தன. வான் வர வழியில்லாதபடியால் குரல் முன்னால் வந்துவிட்டது என்று மூதூரார் விளங்கிக்கொண்டு, பாட்டு முடியக் கைதட்டிவிட்டுப் போனார்கள். டீசல் தாராளமாகக் கிடைத்த பிறகும் குரல் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மைக் இல்லாமல் அவள் கதைப்பது மட்டும் எல்லாரையும் போல நின்ற இடத்திலேயே கேட்டது.

குழுவை நடத்தியவன் கீபோர்ட் வாசிக்கும் சிவரூபன். வானை ஓட்டியதும் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டதும் கிண்ணியா ஸெய்னுதீன். இருவரும் ஒரு கிழமை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள், பிறகு ஓர் ஒழுங்கு செய்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு திகதி கொடுத்தார்கள். முதல் திகதியில் சனம் வெறும் மேடைக்கு முன்னால் இருந்து குரலைக் கேட்கும். இரண்டாம் திகதியில் குழு வந்து இறங்க, வாத்தியங்களைக் கேட்டுக்கொண்டு குணேஸ்வரியின் வாயசைவைப் பார்க்கும். இரண்டையும் மனதுக்குள் சேர்த்துக்கொள்ளச் சனம் வெகு கெதியில் பழகிவிட்டது. தம்பலகாமத்தில் மட்டும் ஒருவர், குரலுக்கும் கீபோர்ட்டுக்கும் சுருதி அரைக்கட்டை விலகியிருந்தது என்று குறை சொன்னார். அவர் எல்லாக் கச்சேரிக்கும் அப்படிச் சொல்லுகிறவர்.

அடுத்த வருடப் பயணம் இருபத்தாறு நாள். வரைபடத்தில் பார்த்தால் ஒரு பகலில் ஓடி முடிக்கிற தூரம்தான். ஆனால் வழியில் யானைக்கு ஒதுங்கி நின்றதும், டயர் காற்றுப் போனதும், மழையில் தொய்ந்த மேளத்தை வயல்வரம்பில் காயவைத்ததும் எல்லாம் பயணத்தோடு சேர்த்திதானே. அந்த வருடம்தான் முதல் தடவையாக வெருகலில் இருந்து அழைப்பு வந்தது. ஆற்றங்கரை விளையாட்டுக் கழகத்துப் பெடியள் கூப்பிட்டிருந்தார்கள். வெருகல் குணேஸ்வரி பிறந்த ஊர். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவள் பாடப் போனபோது, மேடையேறினால் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று தகப்பன் இராசையா சொன்னார். வயற்காரர், சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து முழிக்கவில்லை. தகப்பனோடு இருந்த தங்கை நிரோஜினிதான் தொலைபேசியில் இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருந்தாள்.

“அக்கா, அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருது,” என்றாள் நிரோஜினி. “டொக்டர் ஒப்பரேசனாலும் ஏலாது எண்டுட்டார். தைப்பொங்கலுக்குப் பிறகு ஆளடையாளம் தெரியாதாம்.”

அதாவது, இந்தத் தடவை அவர் பார்க்காவிட்டால், பிறகு மனம் மாறினாலும் மகளுடைய முகம் அவருக்குக் கிடையாது. குணேஸ்வரி யாரிடமும் அழவில்லை. மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்குப் போகும் வழியில் ஸெய்னுதீனிடம் மட்டும் சொன்னாள். அவர் கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்:

“உங்கட அப்பாவுக்கு இது வசதியாப் போச்சு தங்கச்சி. உங்கட குரல் முன்னாலயே போயிரும். முகம் பாராமலே பாட்டுக் கேட்டுட்டு வீட்டில இருந்திருவார்.”

“அதுதான் ஸெய்னுதீன் நானா, எனக்கும் பயம்,” என்றாள். அதற்குப் பிறகு கட்டைபறிச்சான் வரும்வரை விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள்.

அங்கே கடைசிப் பாட்டாக அவள் பாடியது யாருக்கும் தெரியாத பாட்டு. வழியில் தானே கட்டியது. சிவரூபன் அவளுடைய வாயசைவைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். பாதியில், மூச்சு நிறைய இருக்கும்போதே, மைக்கை அதன் தாங்கியில் மாட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அந்த நேரம், அடுத்த கச்சேரி நடக்கவிருந்த வெருகல் மைதானத்தில் இராசையா வீட்டுக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார். குரலுக்கு முகம் இல்லைத்தானே என்று நிரோஜினியிடம் நியாயமும் சொல்லியிருந்தார். பத்துப் பாட்டை அசையாமல் கேட்டார். பதினோராவது பாட்டு ஓர் எருமையைப் பற்றியது. இடக்கொம்பு வளைந்த எருமை, விடியற்காலை அதைக் கட்டியிருந்த கட்டை வெறுங்கட்டையாக நின்றது, ஆற்றங்கரைச் சேற்றில் குளம்படி. எல்லாம் அவருடைய எருமை. முப்பது வருடத்துக்கு முன் யாரோ கயிற்றை அவிழ்த்துவிட, ஆற்றைக் கடந்து போனது திரும்பி வரவில்லை. பயப்படாதீர்கள் பிள்ளைகள், எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை, கதிரவெளிப் பக்கம் நல்ல வயதுவரை இருந்தது. ஆனால் இராசையா பக்கத்து வளவுக் கனகரத்தினம்தான் அவிழ்த்தார் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து அவரோடு கதைப்பதில்லை. பாட்டு, கயிற்றை அவிழ்த்த கை ஆருடைய கை என்று கேட்டது. கேட்டுவிட்டு நின்றுபோனது. நாலு கதிரை தள்ளியிருந்த கனகரத்தினமும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

கச்சேரிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் இராசையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“கொக்காவுக்குப் போன் அடிச்சுக் கேளடி.”

“கேட்டனான். மேடையிலதான் சொல்லுவாவாம்.”

“மேடையில அவளின்ர சத்தம் கேக்காதெண்டு ஊரே சொல்லுது.”

“அப்ப வாயைப் பாருங்கோ,” என்றுவிட்டு நிரோஜினி குசினிக்குள் போய்விட்டாள்.

யானை வருகிற ஊர் என்பதால் வெருகலில் கச்சேரியைப் பின்னேரம் நாலு மணிக்கே வைத்தார்கள். இராசையா முதலில் கடைசி வரிசையில் வந்து நின்றார். அங்கிருந்து அவருக்கு மேடை ஒரு வெளிச்சப் புகைதான். நடுவரிசைக்கு வந்தார், பிறகு முன்வரிசைக்கு வந்தார். குணேஸ்வரி மைக்கை எடுத்து எருமைப் பாட்டின் மிச்சத்தைத் தொடங்கியபோது, அவர் பலகைப் படி நாலையும் தடவித் தடவி ஏறி மேடைக்கே வந்துவிட்டார். மேடையேறியதற்காக மகளை வேண்டாமென்றவர் மேடையேறியதைச் சனம் பார்த்தது. அவர் ஒரு சாண் தூரத்தில் மகளின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தார்.

“ஆர்?”

மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால் சத்தமாகவே கேட்டிருக்கும். அவள் வைக்கவில்லை. உதடு திறந்து மூடியது. அவர் கண்ணைச் சுருக்கினார்.

“திரும்பச் சொல்லு.”

இரண்டாம் தரம் பாடினாள். அவர் அவளுடைய நாடியைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். மூன்றாம் தரம் பாடினாள். அதே நேரம், அடுத்த கச்சேரி இருந்த நிலாவெளியில், ‘நான்’ என்று ஒரு பெண் மூன்று தரம் நீட்டிப் பாடுவது கேட்டது. என்ன என்று தெரியாவிட்டாலும் நன்றாக இருந்தது என்று அங்கே சொன்னார்கள்.

இராசையா நாடியை விடவில்லை.

“உன்னால நான் முப்பது வருசம் அந்தாளோட கதைக்கேல்லை,” என்றார். முகத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பி, நெற்றியிலிருந்து கழுத்துவரை ஆறுதலாகப் பார்த்தார். “நல்லா மெலிஞ்சு போனாய்.”

“கயிறு அதின்ர கழுத்தை அறுத்ததப்பா, அதுதான் அவிழ்த்தனான்,” என்று அவள் மைக்கை இறக்கிவிட்டுச் சொன்னாள்.

“எனக்கொருக்காச் சொல்லியிருக்கலாமே,” என்று கீழேயிருந்து கனகரத்தினம் கேட்டார். அடுத்த நாள் காலை இராசையா கனகரத்தினம் வீட்டில் தேநீர் குடித்தார்.

சொன்னபடியே தைக்குப் பிறகு கண் முழுதாகப் போய்விட்டது. குரல் இன்றும் ஓர் ஊர் முன்னால்தான் போகிறது. வெருகலுக்குக் குழு வரும்போது மேடையில் இராசையாவுக்கு ஒரு கதிரை போடுவார்கள். மகள் பாடும்போது இரண்டு விரலை அவளுடைய உதட்டோரம் வைத்திருந்து, வரிக்கு வரி என்ன பாடுகிறாள் என்று சனத்துக்குச் சொல்லுவார். ராகம் அவருக்குப் பிடிபடாது, சொல் மட்டும்தான். சனம் அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, இருட்டுவதற்கு முன் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.