இரவல் அம்மா

எழுபத்துநாலில், சிட்னியின் கிரவீன் பக்கம், யோகாவின் அடுத்த வீட்டுக்காரி ஹெல்மி. பின்லாந்துக்காரி. யோகா வங்கி வேலைக்குப் போகும் நேரமெல்லாம் இரண்டு வயது மகள் கமலினியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நல்ல மனுசி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் யோகாவுக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளை அவளை "ஐத்தி" என்று கூப்பிட்டது. மாமி, சித்தி போல அவர்களுடைய முறையாக்கும் என்றிருந்தாள் யோகா. ஒரு சனிக்கிழமை ஹெல்மியின் வளர்ந்த மகன் வந்தான். அவனும் அவளை "ஐத்தி" என்றான். அம்மா என்று அர்த்தமாம். பத்து மாதம் சுமந்தவள் ஒருத்தி, பட்டம் கட்டிக்கொண்டவள் இன்னொருத்தியா?

புருஷன் விக்னராஜாவுக்கு ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தோண்டாவிட்டால் சோறு இறங்காது. நூலகத்தில் தேடிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். ஐத்தி அந்தச் சனத்தின் சொந்தச் சொல்லே இல்லையாம். பழைய ஜெர்மானியரிடம் இரவல் வாங்கியதாம். அதற்கு முன் அம்மாவுக்கு அவர்களிடம் இருந்தது "எமா" என்ற சொல்லாம்.

"இரவல் சொல்லுக்கெல்லாம் ஏன் மனதைப் போட்டு உழப்புறீர்?" என்றான்.

"அப்ப எமாவுக்கு என்ன நடந்தது?"

அவன் கை கழுவத் திரும்பினான். "அது இப்ப கூடுதலா ஆடு மாட்டின்ர தாய்க்குத்தான்."

தேற்ற வந்த மனுசன் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இரவலாய் வந்தவள் வீட்டுக்குள் ஏறி இருந்துகொண்டாள், வீட்டுக்காரி தொழுவத்துக்குப் போனாள். யோகாவின் காதில் வேறொன்றும் ஏறவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

யாரைக் கேட்டு என் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தாய் என்று ஆங்கிலத்தில் வெடித்தாள். ஹெல்மி திகைத்துப் போனாள். முதல் நாள் நீதானே சொன்னாய், இன்றிலிருந்து இவள் உன் பிள்ளை என்று. அவ்வளவு பெரிய வார்த்தைக்கு நான் வேறென்ன செய்வது என்று கேட்டாள்.

உண்மைதான். பிள்ளையை ஒப்படைக்கும் எந்தத் தமிழ்த் தாயும் வாய் உபசாரத்துக்குச் சொல்வதைத்தான் யோகாவும் சொன்னாள். அதை ஒருத்தி அப்படியே நம்பிவிடுவாள் என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்துக் கமலினி படியில் தடுக்கி விழுந்து, "ஐத்தி" என்று வீரிட்டாள். ஹெல்மி குனிவதற்குள் யோகா பாய்ந்து வாரியெடுத்தாள். அந்தச் சொல்லையும் அவளுக்கு விட்டுவைப்பதாயில்லை.

"ஓம் குஞ்சு, ஐத்தி வந்திட்டன்."

பிள்ளை அழுகையை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தது.

"நீ அம்மா," என்று திருத்திவிட்டு, ஹெல்மியிடம் இரண்டு கையையும் நீட்டியது.

யோகா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைக் கொடுக்கவில்லை.