படகுக்காரன் சொன்னதுதான்

என் அண்ணன் ஃபோல்கே இறந்துபோனபின், பகடை உருட்டி ஆடும் எங்கள் கதை விளையாட்டு மார்ச் மாதத்தில்தான் மறுபடி கூடியது. உப்சாலா நகரில் தோழி எம்ப்லாவின் சமையலறை, ஞாயிறு மதியம், காப்பி, ஏலக்காய் ரொட்டி. அதுவரை கதையை நடத்தியவன் ஃபோல்கே. அவன் படைத்த உலகில் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அலைவோம். வழியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் அவனே குரல். இனி நண்பன் சிக்ஸ்டன் நடத்துவதாக ஏற்பாடு.

எனக்கு ஒரு பயம் இருந்தது. ஃபோல்கேயின் செல்லப் பாத்திரமான படகுக்காரன் ப்ரூசே, கடைசி ஆட்டத்தில் செத்திருந்தான். அந்த உலகில் செத்தவர்கள் எழுந்து வருவார்கள். அண்ணனின் அடக்கம் முடிந்த நாளிலிருந்து, "ஃபோல்கே இருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பான்" என்று ஆளாளுக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிலும் அவன் இல்லை. இந்த மேசையிலும் அப்படி நடந்தால் எழுந்து போய்விடுவது, பிறகு வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நடந்தது. கறுப்பு ஆற்றங்கரையில் ப்ரூசேயின் பிணம் எழுந்து, படகில் ஏறவிடாமல் எங்களை வழிமறித்தது. சிக்ஸ்டன் குரலைத் தாழ்த்தினான்.

"அழாதீங்க. எனக்கு வலிக்கவே இல்ல. இப்போ நிம்மதியா இருக்கேன்."

பகடையைக் கீழே வைத்துவிட்டு என் கோட்டைத் தேடினேன்.

"டேய், நிறுத்து," என்றாள் எம்ப்லா, வாயில் ரொட்டியோடு. "பொணம் எப்படிடா புதுசா பேசும்? ஃபோல்கே உலகத்துல, உசுரோட இருந்தப்போ சொன்னதத்தான் அது திருப்பிச் சொல்லும். செத்த ராணிகிட்ட ரகசியம் கேட்டுக் கெஞ்சினோமே, 'சூப்புல உப்பு பத்தல'ன்னே சொல்லிட்டிருந்தாளே, மறந்துட்டியா?"

சிக்ஸ்டனின் காது சிவந்தது. "ஐயோ, ஆமால்ல!" என்றவன் என் பக்கம் திரும்பினான். "டீரா, ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

"அத விடு," என்றேன். "மறுபடி சொல்லு. ப்ரூசே சொன்னத மட்டும்."

"அவன் எங்க உருப்படியா பேசினான்? எப்பவும் திட்டுதான்."

"அப்போ திட்டு."

சிக்ஸ்டன் ஃபோல்கே மாதிரி பேச முயலவில்லை. தன் சொந்தக் குரலிலேயே சொன்னான்:

"ஈர பூட்ஸோட ஏறினா ஆத்துல தள்ளிடுவேன், எருமைங்களா!"

எம்ப்லாவுக்குப் புரையேறியது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும். இது அண்ணன் சொன்னது. எழுத்து மாறாமல் அவனே சொன்னது. இனி யாரும் இதில் எதையும் சேர்க்க முடியாது.

"இப்போ நீ என்ன பண்ற, டீரா?" என்று ஆட்டத்தைத் தொடர்ந்தான் சிக்ஸ்டன்.

நான் கோட்டை நாற்காலியில் திரும்பப் போட்டேன்.

"பூட்ஸக் கழட்டுறேன். கழட்டிட்டு ஏறுறேன்."

பிணம் விலகி வழிவிட்டது.