சாராளை யாரும் கேட்கவில்லை

மிர்த்தாவைப் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு போனார்கள். மருத்துவக் கல்லூரிக்குப் போகக் கோரியெந்தெஸ் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவளை, நம்பர் இல்லாத பச்சைக் காரில் வந்த நான்கு பேர் உள்ளே இழுத்துப் போட்டார்கள். பழக்கடைக்காரர் பார்த்தார். பூக்காரி பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற பதினைந்து பேரும் பார்த்தார்கள். மிர்த்தா தன் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கத்திச் சொல்லிக்கொண்டே போனாளாம். அந்த எண்ணுக்கு ஒரே ஒருவர்தான் கூப்பிட்டார். தான் யாரென்று சொல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அது ஆகஸ்டில். நாடு ராணுவத்தின் கையில் இருந்தது. இப்போது 1977 அக்டோபர் முடியப்போகிறது. இந்தப் பத்து வாரத்தில் மிர்த்தாவின் அம்மா மால்கே ஏறாத படி இல்லை. போலீஸ் நிலையத்தில், "எவனோடயாவது ஓடியிருப்பா, வந்துடுவா சென்யோரா" என்று சிரித்தார்கள். நீதிமன்றத்தில் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, அப்படி ஒரு பெண்ணை யாரும் பிடிக்கவில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். படைமுகாம் வாசலில் நின்ற சிப்பாய் வாயைக்கூடத் திறக்கவில்லை. துப்பாக்கி முனையால் சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினான்.

மால்கேக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. தையற்கடைக் கோட்டுகளுக்குப் பொத்தான் துளை தைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். பத்து வாரமாக ஊசியைத் தொடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், இந்நேரம் அவளுக்கு யாராவது சாப்பிடக் கொடுத்திருப்பார்களா என்று தோன்றும். கை தட்டிலேயே நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் ரப்பி நப்தலியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வில்லா கிரெஸ்போ பகுதியில் இருந்த அந்தச் சின்ன யூத ஜெப ஆலயத்துக்கு அவர் குருவாக வந்து ஐந்து வருஷம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேதமான தோராவின் வாசிப்பு முடிந்ததும், அந்த வாரப் பகுதியிலிருந்து நம் காலத்துக்கு மூன்று பாடம் சொல்லுவார். எப்போதும் மூன்றுதான். மறுநாள் சொல்லவேண்டியதை அப்போது எழுதிக்கொண்டிருந்தார்.

"ரப்பி, நாளைக்குச் சபையில அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. மால்கேயோட மகள் மிர்த்தான்னு ஒரு வார்த்தை. அது போதும்."

ரப்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"தோன்யா மால்கே, நான் தினமும் மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"மனசுக்குள்ள சொல்றதுக்கு நான் இருக்கேன். வாயால சொல்லத்தான் ஆள் இல்ல."

"நம்ம சபையில யாரோட காது எங்கே இருக்குன்னு தெரியாது. போன மாசம் பின்வரிசையில புதுசா ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார்."

"நேராத் திருப்பிக் குடுத்தீங்களா?"

ரப்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு மூணு குழந்தைங்க" என்றார் மெதுவாக.

"எனக்கு ஒண்ணு."

அவருக்கு முகம் சிவந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லாமல் அனுப்ப மனமில்லை. "நாளைய பகுதியையே பாருங்க. மகன் ஈசாக்கைப் பலி குடுன்னு கடவுள் சொன்னார். ஆபிரகாம் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல. நம்பினார். பிள்ளை திரும்பக் கிடைச்சான். இன்னிக்கு நமக்கு வேண்டிய பாடமே அதுதான். நம்பிக்கையோட பொறுத்திருக்கணும்."

மால்கே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அதே பகுதியில அதுக்கு முன்னாடி என்ன இருக்கு ரப்பி? சோதோம் ஊர்க்காரங்களுக்காக அதே ஆபிரகாம் கடவுளையே மடக்கி மடக்கிக் கேட்டாரே! ஐம்பது நல்லவங்க இருந்தா விட்டுடுவீங்களா, நாற்பது இருந்தா, இருபது இருந்தான்னு பத்து வரைக்கும் இறங்கி வந்தாரே! முன்னப் பின்னத் தெரியாதவங்களுக்கு அவ்வளவு பேச்சு. பெத்த பிள்ளைன்னதும் வாயே திறக்கல. விடிஞ்சதும் விடியாததுமா எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டிட்டார். சாராளை யாராவது கேட்டாங்களா? பெத்தவ அவதானே? கூடாரத்துலதானே இருந்தா?"

"தோன்யா மால்கே..."

"அடுத்த வாரம் என்ன வாசிக்கப்போறீங்க? எடுத்த எடுப்புல சாராள் செத்துப்போனதுதானே? அதுல என்ன பாடம்னு எனக்குச் சொல்லுங்க."

ரப்பி மேசையில் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதுகூட அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

சனிக்கிழமை காலையில் மால்கே ஆலயத்தின் மாடியில், பெண்கள் பகுதியில் போய் உட்கார்ந்தாள். ஆகஸ்டிலிருந்து அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் இருக்கை காலியாகவே இருக்கும். யாரும் வா என்றோ போ என்றோ சொல்வதில்லை. தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். இருபது வருஷமாக அவளோடு தோளுரசி உட்கார்ந்த ஃபிரீதாகூட இப்போது கைப்பையை நடுவில் வைத்துக்கொள்வாள்.

கீழே பேழையைத் திறந்து தோராச் சுருளை எடுத்துவந்து மேசைமேல் கிடத்தினார்கள். வாசிப்பவர் கிழவர் ஹெர்ஷ், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

மால்கே எழுந்தாள். மரப்படியில் அவள் காலணிச் சத்தம் கேட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபச் சால்வைகளுக்கு நடுவே நேராக நடந்துபோய் மேசைமுன் நின்றாள். எட்டு வயதில் போலந்தைவிட்டு வருமுன் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். அங்கே அவள் ஊரில், எங்கேயும் நியாயம் கிடைக்காத விதவை ஒருத்தி இப்படி வந்து மேசையைத் தட்டி வாசிப்பை நிறுத்தினாள். ஊர் அவள் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை யாரும் ஓர் எழுத்துக்கூட வாசிக்கவில்லை.

மால்கே உள்ளங்கையால் மேசையை அடித்தாள்.

"வாசிப்பை நிறுத்துறேன்" என்றாள். "என் மகளைப் பிடிச்சிட்டுப் போய் எழுபது நாளாச்சு. எனக்குப் பதில் வேணும்."

சபைத் தலைவர் தோன் பேரெல் முதல் வரிசையிலிருந்து துள்ளி எழுந்தார். கம்பளி ஆலை வைத்திருந்தார். பெரிய இடங்களில் பழக்கம் உள்ளவர். "யாராவது இவங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க! ஆலயத்தை இழுத்துப் பூட்ட வைக்கப்போறீங்களா? பொண்ணைக் கண்ட கூட்டத்துல சேர விட்டுட்டு இப்ப எங்க தலையில கட்டுறீங்க!"

"குடிசைப் பகுதிக் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடப் போனா, தோன் பேரெல். சனிக்கிழமையில போனா. ஓய்வுநாளை மீறினதுக்கு நீங்களே தண்டனை குடுங்க. அதுக்கு முதல்ல அவளைக் கண்டுபிடிச்சுக் கொண்டுவாங்க."

"ஹெர்ஷ், நீங்க வாசிங்க!"

ஹெர்ஷ் கண்ணாடியைக் கழற்றினார். சுருளின்மேல் பட்டுத் துணியை இழுத்து மூடினார். "முறைப்படிதான் நிறுத்தியிருக்காங்க. எங்க ஊர்லயும் உண்டு. அவங்களுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் வாசிக்கிறேன்."

"உமக்குப் புத்தி பிசகிடுச்சா? நாளைக்கு உம்மையும் தூக்கிட்டுப் போவாங்க!"

"எண்பத்தொரு வயசு எனக்கு. தூக்கிட்டுப் போனா ராத்திரியெல்லாம் என் இருமலை அவங்கதான் கேட்கணும்."

மால்கே சபையைப் பார்த்துத் திரும்பினாள். நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் கல்யாணக் கோட்டுக்கு அவள்தான் துளை தைத்திருந்தாள்.

"திங்கட்கிழமை, காணாமப் போனவங்களைப் பத்தி விசாரிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போறேன். தனியாப் போனா வாசலோட விரட்டிடுறாங்க. கூட நிக்க ஆள் வேணும். பேசவேண்டாம், சும்மா நின்னா போதும். இருபது பேர் வருவீங்களா?"

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் சால்வையை மடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்கள்.

"பத்துப் பேர்?"

தோன் பேரெல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். அவர் பின்னால் ஒரு வரிசையே கிளம்பியது. கதவு திறந்து மூடி, மறுபடி திறந்து மூடியது. தெருவிலிருந்து பூ வாசமும் பஸ் புகையும் உள்ளே வந்தன.

"அஞ்சு பேர்? உங்க வீட்டுப் பிள்ளைங்களையும் நான் தூக்கி வளர்த்திருக்கேனே... ஒருத்தர்? ஒருத்தர்கூடவா இல்ல?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுதான், இனி கேட்க இடமில்லை என்று நினைத்தாள். கடவுளின் வீட்டிலும் கேட்டாயிற்று.

"நடக்க முடியாது. டாக்சியில வர்றேன்" என்றார் ஹெர்ஷ்.

அப்புறம் ரப்பி எழுந்தார். வழக்கமாகப் பேசும் இடத்துக்கு வந்து புத்தகத்துக்குள்ளிருந்து தாளை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளேயே வைத்தார்.

"மூணு பாடம் எழுதியிருந்தேன்" என்றார். "விருந்தோம்பல் பத்தி ஒண்ணு. பொறுமை பத்தி ரெண்டு. மூணும் பயத்துல எழுதினது." "ஆபிரகாம் கத்தியை ஓங்கினப்போ வானத்துலேர்ந்து ஒரு தூதன் 'நிறுத்து'ன்னு கூப்பிட்டான். இங்கே கத்தி ஓங்கியே இருக்கு. தூதன் வருவான்னு நாம எல்லாரும் மேல பார்த்துட்டு நிக்கிறோம். யாரும் வரல. கீழே இருக்கிறவங்கதான் கூப்பிடணும் போல. எனக்கு இது நேத்துதான் புரிஞ்சுது. ஒரு தாய் வந்து சொன்னாங்க."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மால்கேயின் மகள் மிர்த்தா" என்று தொடங்கி ஜெபத்தைச் சொன்னார்.

முடித்தபோது கீழே ஏழு பேர்தான் மிச்சம். பத்து ஆண்கள் இல்லாமல் தோரா வாசிக்க முடியாது. சுருளைத் திரும்பப் பேழைக்குள் வைத்தார்கள். அந்த வாரப் பகுதி அந்த ஆலயத்தில் வாசிக்கப்படவே இல்லை. மீதியிருந்தவர்களில் இருவர் திங்கட்கிழமை வருவதாக மால்கேயிடம் மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த இருவரும் வரவில்லை. ஹெர்ஷ் டாக்சியில் வந்தார். ரப்பி கருப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்தார். சவரக் கத்தி பட்டதா, இல்லை கடித்துக்கொண்டதா தெரியவில்லை, உதட்டில் ரத்தக் கோடு இருந்தது. மால்கே எதிர்பார்க்காத ஒருத்தி தெருமுனையில் நின்றிருந்தாள். ஃபிரீதா. "ஒண்ணும் கேட்காதே, வா" என்று மால்கேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிநேரம் காக்கவைத்தார்கள். ஆனால் ரப்பியின் உடுப்பைப் பார்த்தோ என்னவோ, விரட்டவில்லை. கடைசியில் ஓர் இளம் அதிகாரி உள்ளே கூப்பிட்டான். நன்றாகச் சவரம் செய்த, மரியாதையான முகம். மிர்த்தாவின் பெயரை ரப்பிதான் சொன்னார். அதிகாரி ஒரு பட்டியலை விரலால் மேலிருந்து கீழே தடவினான். அந்த விரல் ஓரிடத்தில் ஒரு கணம் நின்றதை மால்கே பார்த்தாள். அப்புறம் அது கீழே இறங்கிவிட்டது.

"அப்படி யாரும் எங்ககிட்ட இல்ல, சென்யோரா."

"நின்னுச்சே! உங்க விரல் அங்கே நின்னுச்சே!"

"இல்ல, சென்யோரா." பட்டியலை மூடினான். பிறகு ரப்பியைப் பார்த்துப் புன்னகைத்தான். "உங்களுக்கு மூணு பசங்கதானே, ரப்பி?"

"ஆமா" என்றார் ரப்பி. எழுந்திருக்கவில்லை. "இந்தப் பெண்ணைப் பத்தி எழுத்துல ஒரு பதில் குடுங்க. இல்லைன்னா, இல்லைன்னு எழுதியாவது குடுங்க."

எழுதிக் கொடுக்கவில்லை. நான்கு பேருடைய அடையாள அட்டை எண்களையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மால்கே நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுபது நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதாள். அடிவயிற்றிலிருந்து, ஊளை மாதிரி. போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ரப்பி கருப்புக் கோட்டோடு தெருத் தூசியில் அவள் அருகில் உட்கார்ந்தார். ஒரு பாடமும் சொல்லவில்லை. ஹெர்ஷ் பின்னால் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு இருமினார். ஃபிரீதா, மால்கேயின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மிர்த்தா திரும்பி வரவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. டிசம்பரில் சபை ரப்பியை வேலையைவிட்டு நீக்கியது. அவர் குடும்பத்தோடு ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டு மொந்தேவிதேயோவுக்குப் போய்ச் சேர்ந்தார். மால்கே அடுத்த திங்கட்கிழமையும் அந்த அலுவலகத்துக்குப் போனாள். ஃபிரீதா கூட இருந்தாள். அதற்கடுத்த வாரம், மகனைத் தேடிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். வாசலில் இருந்த சிப்பாய் மூன்று பேரையும் பார்த்து எதிர்ப்பக்கம் போகச் சொன்னான். அவர்கள் போகவில்லை.