வேகமான டிஸ்க்கில் யாருடைய ஊர்?

"இன்னைக்கு எங்க இறங்கலாம், சொல்லு?"

சின்னவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வாரத்தில் அண்ணன் அவளிடம் இப்படிக் கேட்டான். மற்றவர்களெல்லாம் ஏன் நின்றாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று குடைந்துகொண்டிருந்தார்கள். அவன் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலை முடிந்து வந்தால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவான். அன்றிலிருந்து அவள்தான் அவனுடைய கோ-பைலட்; அவனுக்கு வலப்பக்கத்து நாற்காலி அவளுடையது. யாரிடமும் வாய் திறக்காதவள் அங்கே மட்டும், "உயரம் குறையுது, தூங்கிட்டியா அண்ணா?" என்று அதட்டுவாள். அந்த விளையாட்டுக்குள் ஒரு குட்டித் தீவையும் அவளே கட்டியிருந்தாள். ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு கூரையாக.

பிறகு அண்ணி வந்தாள். ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள். முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் பின்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். இப்போது வலப்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டூல் சின்னவளுக்கு வந்து சேர்ந்தது.

"எங்க ஊர் மேல பறக்கலாமாங்க?" என்று ஒருநாள் அண்ணி கேட்டாள். அவள் பிறந்த வீட்டை விற்றுப் பல வருடமாகிறது. வாங்கியவர்கள் வாசற்படி ஏறவும் விடுவதில்லை. மேலிருந்தாவது அந்த மொட்டைமாடியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான். சின்னவளுக்கு உள்ளே புகைந்தது.

அண்ணியின் ஊர் பெரிய நகரம். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டிச் செய்த அந்த நகரத்தை டவுன்லோட் செய்ய, கம்ப்யூட்டரில் இருந்த எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க்கில் இடமில்லை; தீவும் மற்ற ஊர்களும் அதை நிறைத்திருந்தன. புதிதாக இன்னொரு டிஸ்க் வாங்கித்தான் ஆகவேண்டும். சாப்பாட்டு மேஜையில் அதுவே பேச்சு.

"விரல் நீளத்துல எஸ்.எஸ்.டி. இருக்கு. செம வேகம், ஆனா உன் ஊரை வச்சாலே நிறைஞ்சிடும்," என்றான் அண்ணன். "அதே காசுக்குச் சுத்துற ஹார்ட் டிஸ்க்னா நாலு மடங்கு இடம். எதை வாங்க?"

"என்னைக் கேட்டா? உங்க கோ-பைலட்டைக் கேளுங்க," என்று அண்ணி சிரித்தாள்.

நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு பட்டத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறாளே என்று சின்னவள் நினைத்தாள். விமானம் போகப் போக, கீழே உள்ள தரையை டிஸ்க்கிலிருந்து எடுத்துத்தான் கம்ப்யூட்டர் காட்டும். அத்தனை கனமான நகரத்துக்குச் சுழல்கிற டிஸ்க் ஈடுகொடுக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பெருசையே வாங்கு அண்ணா. எத்தனை ஊர் வந்தாலும் அடங்கும்."

"அவ சொன்னா அப்பீலே கிடையாது," என்றான் அண்ணன்.

பெரியது வந்தது. நகரம் அதில் ஏறியது. தீவு பழைய எஸ்.எஸ்.டி.யிலேயே சொகுசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு மேல் பறந்தார்கள். அண்ணி திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தாள். கீழே எல்லாம் தண்ணீரில் நனைந்த காகிதம்போல் கலங்கித் தெரிந்தது.

"அதோ தண்ணி டேங்க்! அதுக்கு அடுத்த தெரு... அய்யோ, போயிடுச்சே!"

கூரைகள் தெளிந்தபோது விமானம் அவற்றைத் தாண்டியிருந்தது. திரும்பி வந்தார்கள். மறுபடியும் அதே கதை.

"உன் ஊர்க்காரங்க இன்னும் எந்திரிக்கல போல," என்று அண்ணன் கிண்டலடித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. "எங்க சென்டர்ல பழைய ஸ்கேன் படமெல்லாம் இப்படித்தான் மெதுவா வரும். சுத்துற டிஸ்க்குல கிடக்குதாம்." ஸ்டூல் பக்கம் திரும்பினாள். "சின்னு, இதுவும் அதனாலதானாம்மா?"

தீவையும் மற்ற ஊர்களையும் பெரிய டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு நகரத்தை எஸ்.எஸ்.டி.க்குக் கொண்டுவந்தால் போதும். சொல்ல ஒரு வாக்கியம்தான். அது நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனின் கை அண்ணியின் தோளில் இருந்தது.

"தெரியல அண்ணி. எடுத்த படமே அப்படித்தான் போல."

"உனக்கே தெரியலையா? சரி விடு, உன் தீவுக்காவது போவோம்," என்றான் அண்ணன்.

தீவு பளிச்சென்று வந்தது. மரங்களின் நிழல்கூடத் துல்லியமாக விழுந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தன் கால்விரல்களைப் பார்த்தாள். அண்ணி ஹெட்செட்டைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். எழுந்து, வலப்பக்கத்து நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பி விட்டாள். அறையை விட்டு வெளியே போனாள்.