ஸ்ட்ரெச்சர் யார் வாங்குவது

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கியவனுக்கு உட்காருவது ஒரு வேலை, எழுந்திருப்பது இன்னொரு வேலை. மச்சானின் டயர் கடைப் பின்னறையில் நாற்காலி கிடையாது, பழைய லாரி டயர்கள்தான். ஒன்றில் புதைந்தேன். எதிர் டயரில் என் மனைவி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் பிளீச்சிங் பவுடர் வாடை போகவில்லை. எங்கள் இரண்டு பேர் ஷிப்டும் சேர்ந்து ஓய்வது ஞாயிறு சாயங்காலம் மட்டும்தான். அந்தச் சாயங்காலம் நாங்கள் பட்டாளத்தில் இருப்போம்.

பட்டாளம் என்றால் மேஜை விளையாட்டு. ஆளுக்கொரு சிப்பாய், அவன் திறமையும் சாமானும் எழுதிய தாள், நடுவில் பகடை. கதையை நடத்துவது மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். எதிரி, மழை, மேலதிகாரி எல்லாம் அவர்தான். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

போன வாரம் ஆற்றுக்கு அக்கரையில் என் மனைவியின் சிப்பாய்க்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. படையில் காயத்துக்குக் கட்டுப் போடும் மெடிக் அவள்தான். அதற்குள் பாலத்தையும் எதிரி பிடித்துக்கொண்டான்.

"தூக்கிட்டு நீந்திடுறோம்" என்றேன்.

"எதுல வச்சுத் தூக்குவீங்க?" என்றார் மச்சான்.

தாள்களைப் புரட்டினோம். கிரேன் ஓட்டுகிற நண்பனை நாங்கள் கிரேன் என்றே கூப்பிடுவோம். அவனிடம் இருட்டில் தெரிகிற தொலைநோக்கி இருந்தது. வெல்டிங் வேலை பார்க்கிற இன்னொரு நண்பன் எங்களுக்கு வெல்டர். அவனிடம் இயந்திரத் துப்பாக்கி, போதாததற்கு ஒரு கைத்துப்பாக்கி, அதுவும் போதாமல் ஒரு கத்தி. என்னிடம் முதல்தரமான பூட்ஸ். ஸ்ட்ரெச்சர் ஒருவனிடமும் இல்லை. கயிறு இல்லை. சாமான் வாங்க ராணுவம் ஆளுக்கு இத்தனை புள்ளி என்று ஒதுக்குகிறது. அவனவன் தன் சிப்பாயைச் சிங்காரித்தான். பொதுச் சாமானை அடுத்தவன் வாங்கியிருப்பான் என்று இருந்துவிட்டான். கடைசியில் அவளை ஒரு மீன்பிடிக் கொட்டகையில் மறைத்து வைத்துவிட்டு நாங்கள் மட்டும் நீந்தி வந்தோம்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள்: "இந்தச் சிப்பாய் செத்தா நான் வேற ஆள் எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமை படுத்துத் தூங்கிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள். வாரம் முழுக்க மூட்டைக்கு அடியில் அதுதான் ஓடியது. அந்த ஒரு சாயங்காலமும் போனால் நாங்கள் ஒரே வீட்டில் மாறி மாறித் தூங்குகிற இரண்டு பேர்.

இந்த வாரம் ஆட்டத்தை மச்சான் ஆரம்பித்தார். "புது ஒதுக்கீடு. ஆளுக்கு முப்பது. மெடிக்குக்குக் கிடையாது, அவ அக்கரையில கெடக்கா."

"மூணு பேரோடதையும் ஒரே இடத்துல கொட்டுங்க" என்றேன்.

கிரேன் தாளை மார்போடு அணைத்துக்கொண்டான். "டேய், சத்தம் வராம சுடுற குழாய் வாங்கணும்டா. மூணு வாரமா கனவு."

"கனவுலயே சுட்டுக்க."

"தோட்டா வாங்காம போயி எதிரிக்கு வணக்கம் வைக்கவா?" என்றான் வெல்டர்.

"போன தடவை நீ சுட்டது எங்க பட்டுச்சு?"

வெல்டர் தன் தாளைப் புரட்டினான்.

"மரத்துல" என்றாள் என் மனைவி. "ஒரே மரத்துல."

கிரேன் சிரித்துவிட்டான். சிரித்த வாக்கிலேயே தாளைக் கீழே வைத்தான். தொண்ணூறு சேர்ந்தது. அவளை ஏற்றிவர வேண்டிய ரப்பர் படகின் விலை மட்டுமே நூறு.

"தொலைநோக்கியை வித்துடலாம்" என்றான் கிரேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பட்டாளத்து சாமான் உன் அப்பன் சொத்தா, விக்க?" என்றார் மச்சான்.

"பொறியாளர் படைகிட்ட படகு இருக்குமில்ல? இரவல் கேக்கறேன்" என்றேன்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பொறியாளர் படைக் கேப்டன் ஆகிவிட்டார் என்று அர்த்தம். "படகு குடுக்கறேன். திரும்பி வரலைன்னா அடுத்த ஒதுக்கீடு பூரா எனக்கு. மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

"அடுத்த வாரம் கையை வீசிக்கிட்டுப் போறதா?" என்றான் வெல்டர்.

"ஆமா. வீசிக்கிட்டுத்தான் போவோம். அவ நம்மகூட வருவா."

முதலில் கிரேன் கையெழுத்துப் போட்டான். வெல்டர் பேனாவைப் பிடுங்கி, "மரத்துலன்னு சொன்னதுக்கு இவளை அங்கயே விட்டிருக்கணும்" என்று முனகியபடி போட்டான்.

தொண்ணூறில் ஸ்ட்ரெச்சர், நீளமான கயிறு, புகைக்குண்டு, கட்டுத்துணி வாங்கினோம். மிச்சத்துக்குத் தோட்டா. ஆற்றைக் கடப்பதற்குப் பகடை தயவு காட்டியது. கொட்டகையில் அவளுக்கு மூச்சு இருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, படகில் வைத்துப் பாதி ஆறு வந்தபோது பாலத்திலிருந்து சுட்டார்கள்.

"படகு கிழிஞ்சிடுச்சு" என்றார் மச்சான்.

"போறப்பவே கயித்தை நம்ம கரை மரத்துல கட்டி, விட்டுக்கிட்டே போனோம். மறுமுனை ஸ்ட்ரெச்சர்ல இருக்கு. புகையைப் போடுறோம், கயித்தை இழுத்துக்கிட்டே வர்றோம்."

"படகு?"

"போகட்டும்."

"மாப்ளே, கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போகட்டும்னேன்."

பகடையை உருட்டினேன். தேவைக்கு ஒன்று கூடவே விழுந்தது. வெல்டர் டயரைக் குத்தினான். ஸ்ட்ரெச்சர் கரை தொட்டது.

என் மனைவி தன் தாளை எடுத்து, 'தொடையில் காயம், நடக்க முடியாது' என்று எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?"

மச்சான் இன்னும் கேப்டனாகவே இருந்தார். பதில் சொல்லாமல் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கையை நீட்டினார். பொறியாளர் படைக்கு நாங்கள் ஒரு ரப்பர் படகு பாக்கி.