பதின்மூன்று இல்லாத பட்டியல்

என்னை எங்கள் ஊர் கும்வெர்னில் யாரும் வெறும் இஸ்லுவின் என்று கூப்பிடுவதில்லை. பட்டியல் இஸ்லுவின். முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் ரக்பி கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலை எழுதுகிறவன் நான்தான். எழுதி, மேகியின் மீன் வறுவல் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். முன்பெல்லாம் கறிக்கடையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதை இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிற கடையாக்கிவிட்டார்கள். அங்கிருக்கிற பெண்ணிடம் காகிதத்தை நீட்டினால், கண்ணாடி அழுக்காகுமாம். தூ, போ என்று வந்துவிட்டேன்.

எங்கள் பட்டியலில் பதின்மூன்றாம் எண் கிடையாது. பன்னிரண்டுக்கு அடுத்து பதினான்கு. 1931ல் பதின்மூன்றாம் சட்டை போட்டு ஆடிய டியூடர் என்பவன், ஜெயித்த சந்தோஷத்தில் சட்டையைக்கூட மாற்றாமல் ராத்திரி ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கினான். கூரை விழுந்தது. சட்டையோடேதான் புதைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை அந்த எண்ணைப் போட்டுக்கொள்ள ஒருவனும் முன்வரவில்லை. அன்றைக்கு விட்டதுதான். பதினைந்து பேர் ஆடுகிற ஆட்டத்தில் எங்கள் கடைசி ஆளுக்குப் பதினாறாம் சட்டை. வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அது தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றுவது மாதிரி.

கிளப் சுவரைப் பார்த்தால் வயிறு எரியும். 1889ல் மீசையும் முழுக்கால்சட்டையுமாக நிற்கும் முதல் அணி. பிறகு முதல் அணி, இரண்டாம் அணி, இளைஞர் அணி, பெண்கள் அணி என்று நான்கு அணிகள் ஓடிய காலத்துப் படங்கள். இடம் போதாமல் கழிப்பறைச் சுவர் வரைக்கும் மாட்டினோம். சுரங்கம் மூடியது. பையன்கள் வேலை தேடிப் போனார்கள். இளைஞர் அணியைக் கீழ்ப் பள்ளத்தாக்குப் பெரிய கிளப் அப்படியே அள்ளிக்கொண்டது. பெண்கள் அணியில் ஏழு பேர் மிஞ்சி, அவர்களும் வேறு ஊருக்கு ஆடப் போனார்கள். இரண்டாம் அணி எந்த வருஷம் நின்றது என்றுகூட யாருக்கும் நினைவில்லை. அப்படித்தான் நின்றது.

முதல் அணி மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதற்கும் ஆள் சேராமல் இந்தப் பருவத்தில் இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டோம். பிப்ரவரியில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை ஆட்டம் தொடங்கும்போது பதினைந்து பேர் நிற்கவில்லையென்றால் நீக்கம். லீக்கில் இல்லாத கிளப்புக்கு மைதானம் கிடையாது என்று நகராட்சி முன்பே சொல்லிவிட்டது. ஆக, மலைக்கு அந்தப் பக்கத்து ட்ரெவானோடு நடக்கவிருந்த சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பதினைந்து பேர். இல்லாவிட்டால் நூற்று முப்பது சொச்ச வருஷமும் குப்பைக்கு.

எங்கள் கேப்டன் ரோட்ரி என் அக்கா மகன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இந்தத் தடவையாவது அந்தப் பதிமூணை யாருக்காவது குடுத்துத் தொலைங்களேன். ஊரு உலகமெல்லாம் ஒண்ணுலருந்து பதினைஞ்சு வரைக்கும் நேரா எண்ணுது."

"உன் தாத்தா அந்தச் சட்டை இல்லாமத்தான்டா முன்னூறு ஆட்டம் ஆடினாரு. நீ என்ன பெரிய இவனா?"

"தாத்தா காலத்துல ஆளு இருந்துச்சு மாமா."

"ஆளை நான் பார்த்துக்கறேன். நீ பந்தைப் பாரு."

அன்றிலிருந்து வெள்ளி வரைக்கும் என் போன் சூடு ஆறவில்லை. ஒருவனுக்குத் தோள்பட்டை விலகியிருந்தது. ஒருவனுக்கு மச்சினி கல்யாணம். ஒருவன் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டு, "குளிர் எப்படி இருக்கு பெருசு?" என்று என்னைக் கேட்டான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஆனாலும் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருவன் மனைவியிடம் போய் நானே அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு பெயராகக் காகிதத்தில் ஏறியது. வெள்ளி மாலை நாலு மணிக்குப் பதினைந்துக்கு நேராகக் கடைசிப் பெயரை எழுதியபோது பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆமாம், அழுதேன். இதில் என்ன வெட்கம்?

கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுக் கிளப்புக்குப் போய் ஒரு பீர் வாங்கினேன். அங்கேதான் கிளான்மோர் வந்தான். எங்கள் தெருக்காரன். ஐம்பத்து நான்கு வயது. நானூற்றுச் சொச்சம் ஆட்டம் ஆடியவன். நாலு வருஷமாகக் களத்தில் இறங்கவில்லை என்றாலும் அவன் பெயரை நான் லீக் பதிவேட்டிலிருந்து எடுத்ததே இல்லை.

"இஸ்லு, நாளைக்கு நான் வேணுமா?" என்றான், குரலைத் தாழ்த்தி. "பன்னெண்டு மணிக்கு எனக்குக் கிடங்கு வேலை. வேணும்னா சொல்லு, லீவு போட்டுடறேன்."

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. கேட்க ஆட்கள் வேறு சுற்றி நின்றார்கள்.

"நீயா? உன் முட்டி மாடிப்படி ஏறினாலே தெருக்கோடி வரைக்கும் கேக்குதுடா. நீ ஓடினா, ட்ரெவான்காரன் துப்பாக்கிச் சத்தம்னு தரையில படுத்துடுவான்!"

கிளப்பே சிரித்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பட்டியல் நிரம்பியாச்சுப்பா. நீ வந்து ஓரமா உக்காந்து கை தட்டு, போதும்."

அவனும் சிரித்தான். பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. நான் வாசலில் நின்று வருகிறவனையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். எழுதின அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ரோட்ரி இரவு வேலை முடித்து, தூங்காத கண்ணோடு வந்திருந்தான். ஊரில் பாதி வேலியோரம் நின்றது. ஆட்டம் இரண்டரைக்கு. இரண்டேகாலுக்கு நடுவர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், அமைதியான பெண்.

"சார், இதுல பதினாலு பேர்தான் இருக்காங்க."

"கண்ணைத் தொடச்சுட்டுப் பாரும்மா. பதினைஞ்சு வரைக்கும் எழுதியிருக்கு."

"பதினைஞ்சு வரைக்கும் எழுதியிருக்கீங்க. பதிமூணு எங்க?"

காகிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து. அதோடு நின்றிருந்தது. பதினாறைக் காணோம். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் எண்ணியதே இல்லை, ஐயா. எப்போதும் ஆள் மிச்சமிருக்கும், பதினாறு எழுதி அதற்குக் கீழேயும் எழுதிக்கொண்டு போவேன். இந்த வாரம் முழுக்க பதினைந்து, பதினைந்து என்றே காதில் அடித்துக்கொண்டிருந்ததால், அந்த எண்ணைத் தொட்டவுடன் பேனாவை வைத்துவிட்டேன். ஊரே அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கிறது. பழகின கண் எதைப் பார்க்கும்? பதின்மூன்று இல்லாததை எவனும் இல்லாததாகவே பார்ப்பதில்லை.

"நான் வர்றேன்!" என்று வேலியோரத்திலிருந்து நாலு பேர் கத்தினார்கள். அவர்களில் ஒருவனுக்கு எழுபது வயது.

"பேர் பதிவுல இருக்கா?" என்றாள் அந்தப் பெண். இல்லை.

ட்ரெவான் கேப்டன் பிளெதின் நல்லவன். "எங்க ஆளு ஒருத்தனைத் தர்றோம், ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றான். இந்தப் பள்ளத்தாக்குகளில் ஆள் குறைந்தவனுக்கு எதிராளி ஆள் கொடுப்பது வழக்கம்தான். நடுவர் மறுத்துத் தலையசைத்தாள்.

"அவரு பேரு ட்ரெவான் பதிவுலதானே இருக்கு. என் கையில ஒண்ணுமில்ல சார். ரெண்டரைக்கு மேல பதினைஞ்சு நிமிஷம் காத்திருக்கறேன்."

பதிவில் பெயருள்ளவன், ஊரில் இருப்பவன், இரண்டு காலில் நிற்கக்கூடியவன் ஒருவன்தான். கிளான்மோருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிடங்கில் உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு தடவை போட்டேன். ரோட்ரி என் பக்கத்திலேயே நின்றான். 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு அந்தப் பெண் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். முடிந்தது.

"சும்மா ஆடலாமே?" என்றான் பிளெதின். தன் அணியைத் திரும்பிப் பார்த்து, பதின்மூன்றாம் சட்டை போட்டவனை வெளியே வரச் சொன்னான். பதினான்குக்குப் பதினான்கு.

எனக்குச் சுருக்கென்றது. "பிச்சை போடறியா?"

"பிச்சை இல்ல பெருசு. உங்ககிட்ட நூறு வருஷமா அடி வாங்கியிருக்கோம். ஒரு தடவை சமமா நின்னு அடிச்சுட்டுப் போறோம்."

அடித்தார்கள். ஐம்பத்துநாலுக்கு ஏழு. அந்த ஏழும் ரோட்ரி எடுத்தது. கடைசி விசிலுக்குப் பிறகு வேலியோரத்தில் கொஞ்சம் கை தட்டினார்கள். பிறகு குளிருது என்று போய்விட்டார்கள்.

ஐந்து மணிக்குக் கிளப்பில் எல்லாரும் பட்டாணியும் ஈரல் உருண்டையும் தின்றுகொண்டிருந்தபோது கிளான்மோர் மூச்சிரைக்க வந்தான். கையில் பை. நாலு மணி இடைவேளையில் போனைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்திருக்கிறான்.

"ஆட்டம் முடிஞ்சுடுச்சா?"

"எல்லாமே முடிஞ்சுடுச்சுடா." அவனை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். நான் எண்ணவில்லை என்றேன். ஊரிலேயே ஒருவனும் எண்ணவில்லை என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்தான்.

"நான் எண்ணினேன், இஸ்லு."

"எப்போ?"

"நேத்து. இங்கருந்து போறப்ப, மேகி கடை வாசல்ல நின்னு. பதினாலுதான் வந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?"

"எத்தனை பேர் சிரிச்சாங்க? திரும்ப உள்ள வந்து, இன்னொரு தடவை கேக்க எனக்கு மனசு வரல. பட்டியல் இஸ்லுவின் தப்பு பண்ணுவானா, யாரையோ கைவசம் வெச்சிருப்பான்னு நெனச்சேன். இல்லன்னா காலையிலயாவது நீ பார்த்துட்டு என்னைக் கூப்பிடுவேன்னு, பதினொன்றரை வரைக்கும் போனைக் கையிலயே வெச்சிருந்தேன்."

பையின் வாய் திறந்திருந்தது. பூட்ஸுக்குக் கொழுப்பு தேய்த்து, புதுக் கயிறு கோத்திருந்தான். முட்டிக்குச் சுற்ற இரண்டு துணிப்பட்டைகள் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

என் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். கேட்டேன். "விடு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு பீர் வாங்கிக்கொண்டு எழுந்து போய், படங்களுக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்தான்.