கழுத்தோரப் பிக்கப்

1

இந்தக் கதையை நான் திருடினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலை பஸ்ஸில் என்னோடு வருகிற ஜெசியிடமிருந்து. அவள் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். திருட்டை ஒப்புக்கொண்டபோது, "எழுதிக்கோண்ணா. ஆனா கிட்டார் விஷயத்துல தப்பா எழுதின, கோவம் வரும்" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'விக்கிரவாண்டி தாண்டி அந்த லாரி திரும்பியபோது ஜெசியின் வண்டி'

[அடித்துவிட்டேன். விபத்தில் தொடங்கினால் கதை அங்கேயே படுத்துக்கொள்ளும்.]

2

ஆனாலும் அதைச் சொல்லாமல் நகர முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் விழுந்ததில் அவளுடைய இடக்கை மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காமல் போயின. அதுவரை மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவள். குழுவை நடத்தும் அந்தோணி பிரபு, "நீ டேம்போரின் ஆட்டும்மா, போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஜெசி டேம்போரின் என்கிற அந்தச் சலங்கை வளையத்தைத் தொடவில்லை. இரண்டு விரலும் கட்டைவிரலும் வைத்துக்கொண்டு என்ன வாசிக்கலாம் என்று தேடினாள். ஜாஸ் கிடைத்தது. அதில் ஒரு கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு, ஆறு தந்தியும் வேண்டியதில்லை, பொறுக்கியெடுத்த மூன்று சுரம் போதும்.

ஆனால் மூன்றே சுரம் என்றால் மூன்றும் முழுசாகக் கேட்க வேண்டும். அவளுடைய எலக்ட்ரிக் கிட்டாரோ தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கத்தியது. டோன் திருகைக் குறைத்தாள். கூர்மையோடு உயிரும் போய்விட்டது.

"கம்பளிக்குள்ள வாய வச்சிக்கினு பேசற மாதிரி கீதுண்ணா."

(அறியாதவர்களுக்கு: பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான். ஒற்றைச் சுருள் பளிச்சென்று பேசும், கூடவே இரையும். இரட்டைச் சுருளில் இரைச்சல் அடங்கி ஒலி தடிக்கும். ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் கிட்டாரின் கழுத்தோரம் இருக்கும் பிக்கப்பைத்தான் நம்புகிறார்கள். அங்கே தந்தி அகலமாக ஆடும். இந்தப் பத்திக்காக மூன்று வாரம் படித்தேன்.)

3

புதுச்சேரியில் மூன்று பேர் கொண்ட ஜாஸ் குழு ஒன்றுக்குக் கிட்டார் ஆள் தேவைப்பட்டது. பியானோ வாசிக்கும் தென்னரசு, அடுத்த வாரச் சனிக்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். பத்து நாள் இருந்தது. பிக்கப்பை மாற்ற ஜெசி என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் கலைமதியின் கடைக்குப் போனாள். மோட்டாருக்குச் சுருள் கட்டுவதும் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பதும் கலைமதியின் தொழில்.

[முதல் பிரதியில் கலைமதியைத் தாடி வைத்த பெரியவராக எழுதியிருந்தேன். ஜெசி படித்துவிட்டுச் சிரித்தாள். கலைமதிக்கு முப்பத்தோரு வயது.]

மேசைமேல் இரண்டு இரட்டைச் சுருள் பிக்கப்புகள். ஒன்று சின்னது. பழைய பிக்கப் இருந்த பள்ளத்திலேயே உட்காரும். மற்றது முழு அளவு. அதைப் போட வேண்டுமானால் கிட்டாரின் மரத்தை வெட்ட வேண்டும்.

"சின்னதையே போடு ஜெசி. பிடிக்கலன்னா பழச மாட்டிக்கலாம்" என்றேன்.

"பழச எதுக்குண்ணா மாட்டணும்?"

"வெட்டறதுக்கு முன்னாடி கேட்டுடலாம், இரு அக்கா" என்றாள் கலைமதி. ஒயர்களை ஆம்ப்ளிஃபையரில் கவ்வ வைத்து, சின்ன பிக்கப்பைத் தந்திகளுக்கு மேலே தலைகீழாகப் பிடித்தாள். ஜெசி மூன்று சுரம் வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பெரியது. அதே கார்டு, அதே இரண்டு விரல். கடைக்குள் ஏதோ கனமான பொருளை மெதுவாக இறக்கி வைத்தது போலிருந்தது.

"நடு நோட்டு கேக்குதா?" என்று ஜெசி கேட்டாள். "ரெண்டு வருசமா அது எங்கயோ தொலஞ்சி போயிருந்தது. வெட்டு, கலை."

"ஜல்தி பண்ணாதக்கா. வெட்டினா வெட்டினதுதான்."

"தெரியும். வெட்டு."

'ஜெசியின் கண்கள் கலங்க' என்று

[பொய். கலங்கவில்லை. உளி இறங்கும்போது கிட்டார் நகராமல் இருக்க இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மடங்காத விரல்கள் அதற்குத் தோதாக இருந்தன.]

மரத்தூள் பறந்துகொண்டிருந்தபோது அந்தோணி பிரபுவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"திருவிழாவுக்கு உன் கிட்டார் வேணும்மா. அந்தப் பளிச்சின்னு சவுண்டு வேற எதுலயும் வரல."

"அந்த சவுண்டு இப்ப அதுல இல்ல பிரபு அண்ணா. வேணும்னா நானே வர்றேன். மெதுவா வாசிப்பேன்."



"யோசிச்சி சொல்றேம்மா."

"யோசிங்கண்ணா" என்று வைத்துவிட்டு, கலைமதியைப் பார்த்தாள். "நீ ஏன் நிறுத்திட்ட?"

4

மூன்று முடிவு எழுதினேன். முதலாவதில் குழு அவளை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதில் எடுக்கவில்லை. மூன்றாவதில் மழை பெய்கிறது. அந்தச் சனிக்கிழமை கழிந்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஜெசி மூன்றையும் படித்தாள். நடந்தது என்ன என்பதையும் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டாள். ஆனால் மூன்றையும் கோடு போட்டு அடித்தாள்.

"எடுத்துக்கினாங்கன்னு எழுதினா, வெரலு போனவ ஜெயிச்சிட்டான்னு கை தட்டுவாங்க. எடுக்கலன்னா உச்சு கொட்டுவாங்க. ரெண்டுமே பேஜாரு. நான் என்னா வாசிச்சேன்னு மட்டும் எழுதுண்ணா."

எழுதுகிறேன். தென்னரசு வேகமான பாட்டு ஒன்றை எடுத்தார். "இத பாதி வேகத்துல எடுங்க சார்" என்றாள். அவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு முகத்தை. காலால் தாளத்தைத் தளர்த்தித் தட்டினார். ஜெசி நாலு தட்டு சும்மா இருந்தாள். ஐந்தாவதில் மூன்று சுரம் வைத்தாள். மறுபடி இடம் விட்டாள். மறுபடி மூன்று. அந்த இடைவெளிகளைப் பியானோவால் நிரப்பிக்கொண்டே வந்த தென்னரசு, ஒரு கட்டத்தில் நிரப்புவதை நிறுத்தினார். கடைசிக் கார்டின்போது அவருடைய இரண்டு கையும் மடியில் இருந்தன.

பிறகு அவர் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அவரை அவசரப்பட்டுப் பேச விடாதீர்கள். நடுச் சுரம் இன்னும் அடங்கவில்லை.